மஞ்சக்குப்பத்து மஞ்சள் வீடு

ஆகஸ்ட் 24, ஞாயிறு – புதுச்சேரி

என் தம்பி மகள் கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீடு கட்டி முடித்துவிட்டாள். ஆவணி 13, வெள்ளிக்கிழமை புதுமனை புகுவிழா. "மொய் எதுவும் வேணாம் பெரியப்பா, ஹாலுக்கு ஒரு சூரியகாந்திப் படம் வரைஞ்சு குடுங்க" என்று ஒரு மாதத்துக்கு முன்பே தொலைபேசியில் கேட்டிருந்தாள். கிழக்குச் சுவரில் சூரியகாந்தி இருந்தால் குடும்பத்துக்கு வெளிச்சம் என்று வாஸ்து பார்த்தவர் சொன்னாராம். அரசுப் பள்ளியில் 31 ஆண்டுகள் ஓவிய ஆசிரியராக இருந்து, பிள்ளைகளுக்கு மாம்பழமும் மண்குடமும் வரையச் சொல்லிக் கொடுத்தே ஓய்வு பெற்றவன் நான். சூரியகாந்தியை எதிரில் வைத்துக்கொண்டு ஒருமுறைகூட வரைந்ததில்லை. ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டு டச்சு ஓவியர் வான்கோ வரைந்த சூரியகாந்திகளை அச்சுப் படங்களில் எத்தனை முறை பார்த்திருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. ஆகவே கும்பகோணத்திலிருந்து நேரே கடலூருக்குப் போகாமல், முதலில் புதுச்சேரியில் இரண்டு நாள் தங்கி, நல்ல எண்ணெய் வண்ணமும் நல்ல பூவும் வாங்கி, விடுதி அறையிலேயே வரைந்து, கையில் படத்தோடு போய் இறங்குவது என்று திட்டமிட்டேன். அந்தத் திட்டத்தின் ஓட்டைகள் அடுத்து வந்த நாள்களில் ஒவ்வொன்றாகத் தெரிந்தன.

நண்பகலுக்கு மேல் வந்து சேர்ந்தேன். காந்தி வீதியில் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை நடந்துகொண்டிருந்தது. சட்டைகளுக்கும் பழைய புத்தகங்களுக்கும் நடுவே ஒரு கால் வைக்கவே இடமில்லை, வெயிலோ தலையில் அடுப்பு வைத்தது போல இருந்தது. மாலை நாலரை மணிக்குப் பிறகுதான் கடற்கரையை ஒட்டிய பிரெஞ்சுக்காரர் பகுதிக்குள் நடக்க முடிந்தது.

அந்தத் தெருக்களின் சுவர்களுக்காகத்தான் இந்த ஊரில் தங்கவே எண்ணினேன். எல்லாவற்றையும் மஞ்சள் என்று ஒரே சொல்லால் சொல்லிவிடுகிறோம். நின்று பார்த்தால் கடுகை அரைத்த மஞ்சள், பழுத்து விழுந்த பூவரசு இலையின் மஞ்சள், சுண்ணாம்பில் மண்காவி கலந்த மஞ்சள், போன வாரம் அடித்த பிளாஸ்டிக் பெயின்ட்டின் கூசும் மஞ்சள் என்று ஒரு வீதிக்குள்ளேயே நான்கைந்து வகை இருக்கின்றன. தெற்குப் பிரான்சின் ஆர்ல் நகரத்தில் வான்கோ 1888 மே மாதம் வாடகைக்குப் பிடித்த வீடும் வெளியே மஞ்சள்தான். புதிய வெண்ணெயைப் போன்ற மஞ்சள் என்றும், சன்னல் கதவுகள் பளீரென்ற பச்சை என்றும் தங்கைக்கு எழுதினார். அந்த வீடு 1944இல் குண்டுவீச்சில் சிதைந்து இடிக்கப்பட்டுவிட்டது. ஒரு பச்சைச் சன்னலுக்குக் கீழே நின்று இதை எண்ணிக்கொண்டிருந்தபோது, "சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க, ஃப்ரேம்ல வர்றீங்க" என்று ஒரு புகைப்படக்காரர் சொன்னார். கல்யாணத்துக்கு முந்தைய படப்பிடிப்பு. அந்தத் தெருவில் மட்டும் மூன்று ஜோடிகள் சுவருக்காகக் காத்திருந்தார்கள்.

ஏழரை மணிக்குக் கடற்கரைச் சாலையில் இடியோடு மழை கொட்டியது. ஒரு தாழ்வாரத்தில் ஒதுங்கினேன். பக்கத்தில் ஒதுங்கிய சுண்டல்காரர் இருபது ரூபாய்ச் சுண்டலுக்கு மேல், கேட்காமலேயே ஒரு பாலிதீன் தாளை எடுத்து என் பையின் மேல் போர்த்தினார்.

ஆகஸ்ட் 25, திங்கள் – புதுச்சேரி

காலையில் அரவிந்தர் ஆசிரமம். செருப்பை வெளியே விட்டு, கைபேசியை அணைத்து உள்ளே போனால், சமாதிக்கு மேல் இயல்வாகை மரம் குடைபிடித்து நிற்கிறது. அதன் பூவும் மஞ்சள்தான். மரத்துக்கு ஆசிரமத்து அன்னை இட்ட பெயர் 'சேவை'. அன்னை 1878இல் பாரிசில் பிறந்தவர், அங்கேயே முறையாக ஓவியம் பயின்றவர். ஏறக்குறைய 900 பூக்களுக்கு இப்படிப் பெயரிட்டிருக்கிறார். சூரியகாந்திக்கு அவர் கொடுத்த பொருள், ஒளியை நோக்கித் திரும்பிய உணர்வு என்பது. வான்கோ பாரிசில் தம்பியோடு வாழ்ந்த 1886 முதல் 1888 வரையான காலத்தில் இவர் அதே நகரத்தில் எட்டு, பத்து வயதுச் சிறுமி. வான்கோ முதன்முதலில் சூரியகாந்தியைத் தனியாக எடுத்து வரைந்ததும் அப்போதுதான், 1887இல். அந்தப் படங்களில் பூக்கள் சாடியில் இல்லை. காம்போடு அறுத்துத் தரையில் போட்டபடி, இதழ் சுருண்டு, விதை தெரியக் கிடக்கின்றன. ஒளியை நோக்கித் திரும்புவதற்கு அவற்றுக்குத் தண்டே கிடையாது. அங்கே அமர்ந்திருந்த அரை மணி நேரமும் இந்த இரண்டு சூரியகாந்திகளையும் ஒன்றாக நினைத்துப் பார்க்க முயன்றேன், முடியவில்லை.

பிறகு பெரிய மார்க்கெட். நாளை மறுநாள் விநாயகர் சதுர்த்தி என்பதைத் திட்டம் போட்டபோது நான் மறந்துபோயிருந்தேன். களிமண் பிள்ளையார்களும் அருகம்புல் கட்டுகளும் எருக்கம்பூ மாலைகளும் நடைபாதை முழுதும் பரவியிருந்தன. மல்லிகை முழம் அறுபது ரூபாய் என்று கூசாமல் சொன்னார்கள். சூரியகாந்தி கேட்டதும் பூக்கார அம்மா சிரித்துவிட்டார். "அது மாலைக்கு ஆகாதுங்க ஐயா. நாரு தாங்காது." சாமிக்கும் சூடாமல், கொண்டைக்கும் ஏறாமல், நம் ஊர்ப் பூக்கடையில் இடமே இல்லாத பூ அது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நம் நாட்டுக்கு எண்ணெய்ப் பயிராக அது வந்தது 1969இல்தான். நம் பெண்கள் தலையில் வைத்துப் பழகுவதற்கு நாளும் போதவில்லை, அளவும் பொருந்தவில்லை. பொக்கே கட்டும் கடையில் கேளுங்கள் என்று அவரே வழி சொன்னார். அங்கே பெங்களூரிலிருந்து வந்தவை என்று ஏழு பூக்கள் இருந்தன. ஒன்று தொண்ணூறு ரூபாய், ஏழுக்கும் சேர்த்து ஐந்நூற்றைம்பது. வான்கோ 1888 ஆகஸ்டில் ஒரே வாரத்தில் வரைந்த நான்கு படங்களில் முதலில் மூன்று பூ, அடுத்து ஐந்தாறு, கடைசியில் பதினான்கு, பதினைந்து என்று ஏறிக்கொண்டே போனார். அவருக்கு அவை தோட்டத்தில் கிடைத்தன. தொண்ணூறு ரூபாய் என்றால் அவரும் மூன்றோடு நிறுத்தியிருப்பார்.

ஓவியப் பொருள் கடையில் 36க்கு 30 அங்குலக் கித்தான் வாங்கினேன். லண்டன் நேஷனல் காலரியில் இருக்கும் சூரியகாந்திப் படம் 92க்கு 73 சென்டிமீட்டர், ஏறக்குறைய அதே அளவு. மஞ்சளில்தான் தடுமாற்றம். காட்மியம் மஞ்சள் விரல் நீள டியூபுக்கு ஐந்நூறு ரூபாய்க்கு மேல். குரோம் மஞ்சள் நூற்றிருபதுதான். வான்கோவுக்கும் குரோம் மஞ்சள்தான் கட்டுப்படியாயிற்று. அது ஈயமும் குரோமியமும் சேர்ந்த நிறமி. வெளிச்சம் பட்டால் நாளடைவில் பழுப்பேறும். அந்த மாற்றத்தின் வேதியியலை 2011இல் ஓர் ஆய்வுக்குழு விளக்கியது: நிறமியில் இருக்கும் குரோமியம் ஒளியின் தூண்டுதலால் வேறு நிலைக்கு இறங்கிவிடுகிறது. இது தெரிந்தும் நூற்றிருபது ரூபாய் டியூபுகளையே நான்கு வாங்கினேன். என்னுடைய படம் 100 ஆண்டு இருக்கப் போகிறதா என்ன!

பூவும் கித்தானுமாக விடுதிக்குள் நுழைந்ததும் மேலாளர் மறித்தார். அறையில் பெயின்ட் அடிக்கக் கூடாது, டர்பன்டைன் வாசனை அடுத்த அறைக்காரருக்கு ஆகாது, விரிப்பில் கறை பட்டால் இரண்டாயிரம் ரூபாய் என்றார். அவர் சொன்னதில் தவறில்லை. ஆனால் என் திட்டம் அத்தோடு முடிந்தது. பூக்களைக் குளியலறை வாளியில் நிற்க வைத்துவிட்டுப் படுத்தேன்.

ஆகஸ்ட் 26, செவ்வாய் – கடலூர்

புதுச்சேரியிலிருந்து கடலூர் பேருந்தில் ஒரு மணி நேரம். காற்றில் கித்தான் பாய்மரம் போல என்னை இழுத்தது. "ஐயா, இது ஆளா, சாமானா?" என்று கேட்ட நடத்துநர் அதற்கும் ஒரு முழுச் சீட்டுக் கிழித்தார். உட்கார்ந்திருந்த கல்லூரி மாணவி ஒருத்தி, பூக்கட்டைத் தன் மடியில் வாங்கி வைத்துக்கொண்டாள். சன்னல் வழியே வெயில் அவள் மடியில் நேரே இறங்கியது. கடலூர் நெருங்குகையில், "தாத்தா, பூ தூங்கிடுச்சு" என்றாள். ஏழில் ஐந்து கழுத்தொடிந்து தொங்கின.

தம்பி தியோவுக்கு எழுதிய கடிதத்தில் வான்கோ இதையே சொல்கிறார்: பூக்கள் விரைவில் வாடிவிடுகின்றன, முழுப் படத்தையும் ஒரே மூச்சில் முடிக்க வேண்டியிருக்கிறது, ஆகவே தினமும் சூரிய உதயத்திலிருந்தே வேலை செய்கிறேன் என்று. படித்தபோது அதை ஓவியனின் வேகம் என்று எடுத்துக்கொண்டிருந்தேன். பேருந்து நிலையத்தில் இறங்கி நின்றபோதுதான் அதில் இருந்த நடைமுறை அவதி புரிந்தது.

தம்பி மகளின் வீடும் மஞ்சள். அட்டையில் ஏதோ எண் பார்த்துத் தேர்ந்தெடுத்த சாமந்தி மஞ்சள். ஊர்ப் பெயரிலும் மஞ்சள் ஏறியிருப்பதை அவளிடம் சொன்னேன். அவள் கண்ணோ என் கையிலிருந்த பூக்கட்டின் மேல் இருந்தது.

"இதை வச்சா பெரியப்பா வரையப் போறீங்க? வாடினது ஒண்ணுகூட இருக்கக் கூடாது. எல்லாம் நிமிர்ந்து சிரிச்ச மாதிரி இருக்கணும்."

வான்கோவின் பூக்கள் எல்லாம் நிமிர்ந்தவை அல்ல என்று விளக்கத் தொடங்கினேன். சூரியகாந்திகளை அவர் விற்பதற்காக வரையவில்லை. தன்னோடு வந்து தங்கி வரையப்போகும் நண்பர் பால் கோகனை வரவேற்க, வீட்டை நீலமும் மஞ்சளுமாக அலங்கரிக்க வேண்டும், பன்னிரண்டு படமாவது வேண்டும் என்று கிளம்பியவர். கோகனுக்கு ஒதுக்கிய அறையில் அவற்றில் இரண்டை மாட்டினார். நம் ஊரில் விருந்தாளி வருகிறார் என்றால் வாசலில் மாக்கோலம் போட்டுச் செம்மண் பூசுவதைப் போல என்றேன். இந்த இடம் அவளுக்குப் பிடித்துவிட்டது.

"அந்த விருந்தாளி எத்தனை நாள் தங்கினார்?"

"ஒன்பது வாரம்."

"அப்புறம்?"

மறைக்க வழியில்லை. 1888 டிசம்பர் 23 இரவு இருவருக்கும் சண்டை முற்றியதையும், வான்கோ தன் காதையே அறுத்துக்கொண்டதையும், கோகன் ஊரைவிட்டுப் போனதையும் சொன்னேன். சற்று நேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, "இந்தக் கதையை வெள்ளிக்கிழமை வர்ற யாருகிட்டயும் சொல்லிடாதீங்க பெரியப்பா" என்றாள். அதே கோகன் 1901இல் தாகித்தித் தீவில் நாற்காலியின் மேல் சூரியகாந்திகளை வைத்து வரைந்தார் என்று சேர்த்துச் சொன்னேன்; காதுக்கு அது ஈடாகவில்லை.

மதியம் தம்பி என்னைத் தேவனாம்பட்டினம் பக்கம் ஒரு சிறிய மெஸ்ஸுக்கு அழைத்துப் போனான். சங்கரா மீன் குழம்பு, பொரித்த நெத்திலி, சோறு. ஆளுக்கு நூற்று நாற்பது ரூபாய். மார்சேய் நகரத்துக்காரன் தன் ஊர் மீன் குழம்பை உண்ணும் ஆவலோடு பெரிய சூரியகாந்திகளை வரைந்துகொண்டிருக்கிறேன் என்று வான்கோ அந்த ஆகஸ்டில் எழுதினார். எதிரே ஒரு வலைக்காரர் வாழையிலை மேல் குனிந்து, நிமிராமல் சாப்பிட்ட வேகத்தைப் பார்த்தபோது, அந்த உவமையின் முழு அளவும் எனக்கு விளங்கியது.

ஆகஸ்ட் 27, புதன் – நெல்லிக்குப்பத்துக்கு அப்பால்

விநாயகர் சதுர்த்தி. காலையில் தேங்காய்ப் பூரணக் கொழுக்கட்டை, எள்ளுக் கொழுக்கட்டை. வாளியில் ஏழு பூவும் இப்போது ஒரே மாதிரித் தலை கவிழ்ந்திருந்தன.

மாடிப்படிக்கு டைல்ஸ் ஒட்ட அரைநாள் வேலைக்கு வந்த இளைஞர், என் வாளியைப் பார்த்துவிட்டு, தன் அம்மாவின் மல்லாட்டைக் கொல்லையில் வரப்போரம் சூரியகாந்தி நிற்பதாகச் சொன்னார். நிலக்கடலைக்கு இந்தப் பக்கத்தில் மல்லாட்டை என்று பெயர். பிற்பகலில் அவர் வண்டியின் பின்னால் ஏறிக்கொண்டேன். நெல்லிக்குப்பம் வரை கரும்பு. பிறகு பண்ருட்டிச் சாலையிலிருந்து உள்ளே திரும்பியதும் செம்மண், முந்திரி, பலா. மடியில் காலி வாளியைக் கட்டிக்கொண்டு போன என்னை வழியில் இருவர் பால்காரர் என்று எண்ணி விசாரித்தார்கள்.

கொல்லையைச் சுற்றி ஆமணக்கும் சூரியகாந்தியும் மாறி மாறி நின்றன. அழகுக்காக அல்ல. கடலையைத் தின்னும் புழுவின் தாய்ப்பூச்சி முதலில் இந்த அகன்ற இலைகளில்தான் முட்டை வைக்குமாம். முட்டை தெரிந்ததும் இலையோடு கிள்ளிப் போட்டுவிடுவார்களாம். ஆக இங்கே சூரியகாந்தி வேலிக்காவல். அதற்கும் காவல் வேண்டியிருந்தது: கிளிகளை விரட்டப் பழைய சி.டி. தட்டுகளைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள், அவை வெயிலில் கண்ணைப் பறித்தன.

மேற்கே இறங்கிய வெயிலை எதிர்பார்த்துப் போனவனுக்கு ஓர் அதிர்ச்சி. மலர்ந்த பூக்கள் எல்லாம் சூரியனுக்கு முதுகைக் காட்டிக் கிழக்கே பார்த்து நின்றன. "மொட்டா இருக்கறப்பதான் ஐயா சுத்தும். மலர்ந்துட்டா கெழக்கயே பார்த்துக்கினு நின்னுடும்" என்றார் அந்த அம்மா. தண்டு வளரும் பருவத்தில் இரு பக்கமும் ஏற்ற இறக்கமாக வளர்வதால் தலை திரும்புகிறது. வளர்ச்சி நின்றதும் திருப்பமும் நின்றுவிடுகிறது. கிழக்கே பார்த்த பூ காலையில் சீக்கிரம் சூடேறுவதால் தேனீக்கள் அதைத்தான் அதிகம் நாடுகின்றன என்று 2016இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு சொல்கிறது. நான் படித்துத் தெரிந்துகொண்டதை அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டுக் களைக்கொட்டை எடுக்கப் போனார்.

வரப்பில் இறங்கியபோது செருப்பைத் துளைத்து நெருஞ்சி முள் ஏறியது. ஒற்றைக் காலில் நின்று அதைப் பிடுங்கும்போதுதான் அந்தச் செடியின் பூவைக் கவனித்தேன்: ஐந்தே இதழ், சட்டைப் பொத்தான் அளவு, தூய மஞ்சள். குறுந்தொகைத் தலைவி ஒருத்தி தன் தலைவனை ஞாயிறு என்றும், தன் தோளை நெருஞ்சி என்றும் தோழியிடம் சொல்கிறாள்; அவன் திரும்பும் பக்கமெல்லாம் இவளும் திரும்புகிறாள். அமெரிக்காவில் பிறந்து 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குப் போன சூரியகாந்தியை அறியாத காலத்தில், ஞாயிற்றின் பின்னே போகும் பூ நமக்குத் தரையோடு தரையாகக் கிடந்த இந்த முட்செடிதான். சூரியகாந்தம் என்ற சொல்கூட நம் பழைய வழக்கில் வெயில் பட்டால் தீ உமிழும் ஒரு கல்லின் பெயர். பெயர் கல்லிலிருந்தும், குணம் நெருஞ்சியிலிருந்தும் ஒரு வெளிநாட்டுச் செடிக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. ஒரு நெருஞ்சிக் கொடியைப் பிடுங்கி வாளியில் போட்டுக்கொண்டேன். அந்த அம்மா என்னை விசித்திரமாகப் பார்த்தார்.

அவர் அறுத்துக் கொடுத்தவை எட்டுத் தலைகள். மூன்று புதிதாக மலர்ந்தவை. இரண்டில் இதழ் உதிரத் தொடங்கியிருந்தது. மூன்றில் இதழே இல்லை, பின்புறம் எலுமிச்சை மஞ்சளாகப் பழுத்து, விதை இறுகி, தலை கனத்துத் தொங்கின. முற்றியவை எதற்கு என்று அவர் தயங்கினார். நான்தான் கேட்டு வாங்கினேன். பணம் வாங்க மறுத்து, மோர் கொடுத்தார். "வெதைய மட்டும் திருப்பிக் குடுத்தனுப்புங்க, அடுத்த வெதைப்புக்கு ஆவும்."

ஆகஸ்ட் 28, வியாழன் – மஞ்சக்குப்பம்

ஐந்தரை மணிக்கு மொட்டைமாடியில் உட்கார்ந்தேன். பூக்களை வைக்கப் பித்தளைச் செம்பு எடுத்து வந்த தம்பி மகளிடம், கட்டட வேலைக்கு வந்தவர்கள் தண்ணீர் வைத்திருந்த மண்பானையைக் கேட்டேன். முகத்தைச் சுளித்துக்கொண்டே கொடுத்தாள். வான்கோவின் சாடியும் பாதி மட்டும் மெருகேற்றிய நாட்டுப்புற மண்சாடிதான். அதன் மேல்தான் தன் முதற்பெயரால் 'வின்சென்ட்' என்று கையெழுத்திட்டார்.

மஞ்சள் பின்னணியில் மஞ்சள் பூவை வரைவது எவ்வளவு கடினம் என்பதை இந்த 63 வயதில்தான் அறிந்தேன். நீலத்தின் மேல் மஞ்சள் தானாகவே எழுந்து நிற்கும். மியூனிக் நகரத்தில் இருக்கும் படத்தில் அவர் அப்படி நீலப்பச்சைப் பின்னணிதான் வைத்தார். அடுத்த படத்தில் அந்தத் துணையையும் எடுத்துவிட்டு, மஞ்சள் சுவர், மஞ்சள் மேசை, மஞ்சள் சாடி, மஞ்சள் பூ என்று போனார். பிறகு பூவைச் சுவரிலிருந்து பிரிப்பது எது? அச்சுப் படத்தில் தெரியாத ஒன்றை நான் தூரிகை பிடித்த பிறகு ஊகித்தேன்: வண்ணத்தின் கனம். சுவரை மெல்லியதாகப் பூசிவிட்டு, விதைத் தட்டில் மட்டும் வண்ணத்தைக் குழைத்துக் குத்திக் குத்தி மேடாக்கினால், பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒவ்வொரு குத்துக்கும் ஒரு நிழல் விழுகிறது. காலை ஏழு மணி வெயிலில் என் கித்தானிலும் அந்த நிழல் விழுந்தபோது, பக்கத்தில் யாராவது இருந்தால் காட்டலாமே என்று சுற்றிப் பார்த்தேன். காகம்தான் இருந்தது.

அவர் படத்தில் சில பூக்கள் பந்து போல முழுதும் இதழாக இருக்கும். அவசரத்தில் அப்படி வரைந்துவிட்டார் என்று வகுப்பில் நானே சொல்லியிருக்கிறேன். அது தவறு. அப்படி அடுக்கிதழ் பூக்கும் வகை உண்டு. அதற்குக் காரணமான மரபணு மாற்றத்தை 2012இல் கண்டுபிடித்துவிட்டார்கள். அவர் பார்த்ததைத்தான் வரைந்தார். என்னிடம் படித்த பிள்ளைகளுக்கு இதை இனி எப்படித் தெரிவிப்பது?

பதினொரு மணிக்குள் மலர்ந்த மூன்றும் தளர்ந்துவிட்டன. முற்றிய தலைகள் மட்டும் காலையில் எப்படி இருந்தனவோ அப்படியே இருந்தன. தம்பி மகள் கேட்டபடி வாடாத பூவாகவே வரைவதென்றால், நினைவிலிருந்து வரைய வேண்டும். கண்ணுக்கு முன்னால் இருப்பதை விட்டுவிட வேண்டும். வான்கோ தங்கைக்கும், தன்னைப் பற்றி எழுதிய விமர்சகர் ஒருவருக்கும் 1890 பிப்ரவரியில் எழுதிய கடிதங்களில், தன் சூரியகாந்தி நன்றியைக் குறிக்கிறது என்கிறார். யாருக்கு நன்றி, எதற்கு நன்றி என்று விரித்துச் சொல்லவில்லை. தன் படங்கள் ஏறக்குறைய வேதனைக் குரல் என்று தங்கைக்கு எழுதிய அதே வாக்கியத்தில்தான் அந்தச் சொல் வருகிறது. மொட்டு, மலர்ச்சி, உதிர்வு, விதை எல்லாவற்றையும் ஒரே சாடியில் நிறுத்தியவருக்கு அந்தச் சொல் பொருந்தும் என்று எனக்குத் தோன்றியது; சிரித்த பூ மட்டும் இருந்திருந்தால் அது வெறும் வாழ்த்து அட்டை. முற்றிய மூன்றையும் நடுவில் வைத்தேன். வருவதை நாளை பார்த்துக்கொள்ளலாம்.

மதியம் மேலே வந்த பேரன், வான்கோ படம் என்ன விலை என்று கேட்டான். 1987இல் லண்டன் ஏலத்தில் ஒரு ஜப்பானியக் காப்பீட்டு நிறுவனம் ஏறக்குறைய இரண்டரைக் கோடி பவுண்டுக்கு ஒன்றை வாங்கியதைச் சொன்னேன். ஜப்பானுக்கு முன்பே ஒன்று போயிருந்தது, ஆஷியா நகரத்தில் ஒருவர் வீட்டில் இருந்த அது 1945 ஆகஸ்ட் 6ஆம் நாள் குண்டுவீச்சில் எரிந்துபோயிற்று என்பதையும் சொன்னேன். "அப்ப எத்தனை மிச்சம்?" என்று எண்ணத் தொடங்கினான். சாடியில் நிற்பவற்றில் ஆறு இருக்கின்றன. அவற்றில் சில, காது ஆறாத 1889 ஜனவரியில், பூவே கிடைக்காத குளிர்காலத்தில், தன் பழைய படத்தைப் பார்த்துத் தானே திரும்ப வரைந்தவை. "பார்த்து எழுதினா எங்க மிஸ் அடிப்பாங்க" என்றான்.

நான்கு மணிக்கு முடித்தேன். சாடிக்கடியில், மேசை விளிம்பில், யாரும் கேட்காத ஒரு நெருஞ்சிப்பூவையும் வைத்தேன். அக்ரிலிக்கில் வரைந்திருந்தால் ஒரு மணி நேரத்தில் காய்ந்திருக்கும் என்பது எனக்குத் தெரியாததன்று, பிடிவாதம். இத்தனை கனமாக அப்பிய எண்ணெய் வண்ணம் காய வாரக் கணக்காகும். மறுநாள் விடியற்காலை நான்கரை மணிக்கு முகூர்த்தம்.

ஆகஸ்ட் 29, வெள்ளி – மஞ்சக்குப்பம்

பசு முதலில் நுழைந்தது, பிறகு நிறைகுடம், பிறகு நாங்கள். பால் பொங்கியது. ஹோமப் புகைக்குள் டர்பன்டைன் வாசனை யாருக்கும் தெரியவில்லை என்பது எனக்கு ஆறுதல். படத்தைக் கிழக்குச் சுவரில் உயரே மாட்டச் சொல்லியிருந்தேன். ஆணி அடிக்க நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருந்த இடைவெளியில், கீழே சாய்த்து வைத்திருந்த படத்தின் மேல் என் தம்பி மனைவியின் மாம்பழக் கலர் பட்டு உரசியது. இரண்டும் மஞ்சளாகையால் ஒரு மணி நேரம் யாரும் கவனிக்கவில்லை. கவனித்தபோது தாம்பூலப் பைகளிலும் நாற்காலி முதுகுகளிலும் ஒருவருடைய வேட்டிக் கரையிலும் குரோம் மஞ்சள் பரவியிருந்தது. "விடுங்க மாமா, கறை தெரியலையே" என்று அவர் சொன்னது பெருந்தன்மை. ஈய நிறமி என்பதால் சாப்பிடும் முன் எல்லாரும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள் என்று நான் பந்தி பந்தியாகச் சொல்லிக்கொண்டு திரிந்தது, நல்ல நாளில் பேசும் பேச்சாக யாருக்கும் படவில்லை.

படத்தை நிமிர்ந்து பார்த்த தம்பி மகள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததுதான் எனக்கு உறுத்தியது. வந்தவர்களில் ஒருவர், "நடுவுல ஏன் கருகிப்போச்சு?" என்று கேட்டார். இன்னொருவர் ஒளிப்படமா என்று கேட்டுப் பாராட்டினார்.

பந்தி முடிந்ததும் சம்பந்தியம்மா ஒரு நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். விருத்தாசலம் பக்கம் எள்ளும் கடலையுமாக வாழ்ந்த குடும்பம். வெற்றிலை மென்றபடி அந்த நடுப் பூக்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "வெதை நல்லாக் கட்டியிருக்கு அண்ணே. இந்தப் பருவத்துலதான் அறுக்கணும், இன்னும் விட்டா கிளி தின்னுடும்" என்றார். பிறகு மருமகளைக் கூப்பிட்டு, "இது வாடினது இல்லம்மா, வெளைஞ்சது" என்றார். தம்பி மகள் அருகே வந்து பார்த்தாள். "கீழ இருக்கற குட்டிப் பூ என்ன பெரியப்பா?" என்று கேட்டாள். நெருஞ்சி என்றேன். "முள்ளையுமா!" என்று தலையில் கை வைத்தாள்.

ஆகஸ்ட் 30, சனி – புறப்பாடு

கிளம்புவதற்கு முன் அவளுக்கு மூன்று குறிப்புகள் சொன்னேன். ஆறு மாதத்துக்கு யாரும் தொடக் கூடாது. தூசியைத் துணியால் துடைக்கக் கூடாது. நேரடி வெயில் படக் கூடாது. மூன்றாவதில் சிக்கல். வாஸ்துப்படி கிழக்குச் சுவரில் மாட்டியிருக்கிறது; எதிரே ஆளுயர மேற்குச் சன்னல்; மாலை நான்கு மணியானால் வெயில் நேரே படத்தின் மேல் இறங்குகிறது. நூற்றிருபது ரூபாய் மஞ்சள் அதைத் தாங்காது. இடம் மாற்றலாம் என்றேன். வாஸ்து விடாது என்றாள். சூரியகாந்திக்கு வெயில் ஆகாது என்பதை அவளால் நம்ப முடியவில்லை, நான் கேலி செய்வதாகவே எண்ணினாள். குரோமியத்தின் கதையை இரண்டாம் முறை சொன்ன பிறகு, சன்னலுக்குக் கனத்த திரைச்சீலை போட ஒப்புக்கொண்டாள். பேரன் நாடாவைப் பிடிக்க, ஏழடிக்கு ஐந்தடி என்று அளந்து எழுதிக்கொண்டாள்.

விதைகளை டைல்ஸ்காரத் தம்பியிடம் காகிதப் பொட்டலமாகக் கொடுத்தேன். நான் வண்டியில் ஏறும்போது அவள் வாசலுக்கு ஓடி வந்தாள்.

"பெரியப்பா, திரைச்சீலையையும் மஞ்சள்லயே எடுத்துடவா?"